முதலில் தண்ணீர், பிறகுதான் எண்ணெய்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு தனி மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. 1974ல் ஏற்படுத்தப்பட்ட இந்தப் பருவத்தில் சக்கிமுக்கிக் கல் பொறியால் வெடிக்கும் பழைய பாணித் துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதி. குழலின் வாய் வழியாகவே கரிமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக் குண்டை வைத்து, நீண்ட கோலால் அடிவரை தள்ளிக் கெட்டிக்க வேண்டும். ஒரு முறை சுட்டால் அடுத்த முறை சுடுவதற்குள் மான் அடுத்த மலைக்குப் போயிருக்கும். இதே மாநிலத்தின் லான்காஸ்டர் பகுதியில்தான், ஜெர்மனியிலிருந்து குடியேறிய கொல்லர்கள் 18ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற நீள்குழல் துப்பாக்கிகளைச் செய்தார்கள். அந்த மரபை விடாமல் வைத்திருப்பதில் அங்குள்ளவர்களுக்குப் பெருமை உண்டு.

அந்த வேட்டைக்காரர்கள் சுட்டுவிட்டுத் திரும்பிய அன்றிரவே செய்யும் ஒரு வேலை, இக்காலத் துப்பாக்கி மட்டும் பழகியவர்களைத் திகைக்க வைக்கும். குழலுக்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். வெறும் தண்ணீர், கூடிப்போனால் கொஞ்சம் சோப்பு. இரும்புக்குத் தண்ணீர் பகை என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். துரு பிடிக்கக் கூடாது என்பதற்காகவே இரும்புக் குழலில் தண்ணீர் ஊற்றுவது எப்படிச் சரியாகும்? விடை கரிமருந்து எரியும் விதத்தில் இருக்கிறது.

கரிமருந்தில் மூன்று பொருள்கள்: வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட், கரி, கந்தகம். எடையில் முக்கால் பங்கு வெடியுப்புதான். எரிவதற்கான ஆக்சிஜனைத் தருவது அது. ஆக்சிஜன் போன பின் பொட்டாசியம் என்ன ஆகும்? அது உலோகம், வாயுவாகப் பறந்து மறையாது. கரியோடும் கந்தகத்தோடும் சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்ஃபேட், பொட்டாசியம் சல்ஃபைடு போன்ற உப்புகளாக மாறும். ஆண்ட்ரூ நோபிள், ஃபிரெடரிக் ஏபெல் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூடிய எஃகுக் கலங்களுக்குள் கரிமருந்தை வெடிக்கவைத்து, எஞ்சியதை நிறுத்துப் பார்த்து 1875ல் முடிவுகளை வெளியிட்டார்கள். எரிந்த மருந்தின் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு திடப்பொருள். வாயுவானது 43 விழுக்காடுதான்.

கரிமருந்தைப் பற்றி அறிய வேண்டியவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த ஒரு எண்தான். இக்காலத் தோட்டாவிலுள்ள நைட்ரோசெல்லுலோஸ் மருந்து பெரும்பாலும் வாயுவாகிவிடுகிறது. கரிமருந்தோ பாதிக்கு மேல் உப்பாகிறது. ஒரு மான் வேட்டைக் கெட்டிப்புக்கு 5 கிராம் மருந்து என்று வைத்தால், கிட்டத்தட்ட 3 கிராம் திடப்பொருள் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி வெளியே போய்விடும். கரிமருந்துத் துப்பாக்கி சுட்டதும் எழும் அடர்ந்த வெண்புகை, உண்மையில் நுண்ணிய உப்புத் துகள்களின் மேகம். மிச்சம் குழலின் உட்சுவரில் படிகிறது. வெடிக்கும்போது 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் வெப்பத்தில் உருகியும் ஆவியாகியும் கிடந்த உப்பு, குளிர்ந்த எஃகைத் தொட்டதும் உறைந்து ஒட்டிக்கொள்கிறது. கையில் தொட்டால் கறுப்பாக ஒட்டும் அந்தக் கசடைப் பார்ப்பவர்கள் கரி என்றுதான் நினைப்பார்கள். கரி அதில் உண்டு, நிறத்தைத் தருவது அதுவே. ஆனால் குழலைத் தின்பது கரியல்ல, உப்பு.

இந்த உப்புகளில் கவனமாகப் பார்க்க வேண்டியது பொட்டாசியம் கார்பனேட். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து நீராகும் குணம் அதற்கு உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 43 விழுக்காட்டைத் தாண்டினாலே போதும், அது நீர் கோக்கத் தொடங்கிவிடும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் காற்று இதைவிட ஈரமானது. அதாவது, கழுவாமல் வைத்த குழலுக்கு வெளியிலிருந்து யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. காற்றிலிருந்தே அது தண்ணீரை வரவழைத்துக்கொள்ளும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கார்பனேட் காரத்தன்மை உள்ளது. தனியாக இருந்தால் காரக் கரைசல் இரும்பை ஓரளவு காக்கவும் செய்யும். ஆனால் குழலுக்குள் அது தனியாக இல்லை. அது இழுத்து வந்த ஈரத்தில் சல்ஃபேட்டும் சல்ஃபைடும் கரைகின்றன. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச உறிஞ்சக் காரத்தன்மையும் குறைந்துகொண்டே வருகிறது. உப்புக் கரைசல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடித்தல் என்பதே இரும்பின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எலக்ட்ரான் நகரும் ஒரு மின்வேதி வினைதான். ஈரமும் ஆக்சிஜனும் உப்பும் ஒன்றுகூடிய இடத்தில் அந்த வினைக்குத் தடையே இல்லை. ஈரம் மிகுந்த இரவு ஒன்று போதும், பளபளப்பான உட்சுவரில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிடும்.

19ஆம் நூற்றாண்டில் சக்கிமுக்கிக் கல்லுக்குப் பதிலாக, அடித்ததும் பொறி தரும் கேப் வந்தது. அதன் மூலக் கருத்துக்கு 1807ல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். பழைய கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட் சேர்த்திருந்தார்கள். அது எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும். சமையல் உப்பின் நெருங்கிய உறவு. குளோரைடு அயனி எஃகின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தை ஊசிக் குத்துப் போல ஓரிடத்தில் உடைத்து உள்ளே இறங்கும். மேலே பரவும் துருவைத் துடைத்து எடுத்துவிடலாம். குளோரைடு தோண்டிய குழி நிரந்தரம். குழிக்குள் அடுத்த முறை கசடு தங்கும், கசடு தங்கிய இடத்தில் மீண்டும் துரு பிடிக்கும், குழி ஆழமாகும். இன்றைய கேப்புகள் பலவற்றில் குளோரேட் இல்லை. ஆனால் கரிமருந்துக்கு மாற்றாக 1970களில் சந்தைக்கு வந்த பைரோடெக்ஸ் போன்ற மருந்துகளில் பொட்டாசியம் பெர்குளோரேட் இருக்கிறது. ஆக, குளோரைடு பின்வாசல் வழியாக மறுபடி வந்துவிட்டது. மாற்று மருந்து என்றால் கழுவும் வேலை குறையும் என்று நம்பி இரண்டு நாள் தள்ளிப்போடுபவர்கள் குழலை இழக்கிறார்கள்.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். சுட்டு முடித்ததும் கழுவச் சோம்பல்பட்டு, உள்ளே தாராளமாக எண்ணெய் விட்டு வைத்தால் என்ன? உப்பு அயனிகளால் ஆனது. அயனிகளைப் பிரித்துச் சூழ்ந்துகொள்ளும் மின்முனைகள் தண்ணீர் மூலக்கூறுக்கு உண்டு, பெட்ரோலிய எண்ணெய்க்கு இல்லை. அறை வெப்பத்தில் 100 மில்லி தண்ணீர் 110 கிராம் பொட்டாசியம் கார்பனேட்டைக் கரைத்துக்கொள்ளும். எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் அதைத் தொடாது. எண்ணெய் மேலே படலமாகப் பரவி நிற்கும், அடியில் உப்பு அப்படியே கிடக்கும். எண்ணெய்ப் படலம் ஒன்றும் கண்ணாடிச் சுவரல்ல. ஆக்சிஜனும் நீராவியும் மெதுவாக அதனூடே புகுந்து போகும். முதல் உலகப் போரையொட்டி, சுட்டபின் நன்றாக எண்ணெய் பூசி வைத்த துப்பாக்கிகளும் ஏன் துருப்பிடிக்கின்றன என்று அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தில் வில்பர்ட் ஹஃப் ஆராய்ந்தார். கேப்பிலிருந்து வந்த பொட்டாசியம் குளோரைடே காரணம் என்றும், அதைத் தண்ணீரால் கழுவி நீக்காதவரை எண்ணெய் காப்பாற்றாது என்றும் அவர் ஆய்வு காட்டியது. எண்ணெய் பளபளப்பைப் பார்த்து மனம் நிறைந்து உறையில் போட்டு வைத்த துப்பாக்கி, உறைக்குள்ளேயே அரித்துப்போவது இப்படித்தான்.

கழுவும் முறையை அருகிலிருந்து பார்த்தால் அதன் எளிமை பிடிபடும். செயின்ட் லூயிஸ் நகரின் ஹாக்கன் சகோதரர்கள் செய்த மாதிரியில் வரும் துப்பாக்கிகளில் ஓர் ஆப்பை உருவினால் குழல் கட்டையிலிருந்து தனியே கழன்றுவிடும். வெதுவெதுப்பான நீரும் சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பும் உள்ள வாளியில் குழலின் அடிமுனையை நிறுத்துகிறார்கள். கோலின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றி வாய்வழியே இறக்கி, மேலும் கீழும் இழுக்கிறார்கள். துணி குழலை இறுக அடைத்திருப்பதால், மேலே இழுக்கும்போது அடியிலுள்ள பற்றுவாய்த் துளை வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்பட்டு உள்ளே ஏறும். தள்ளும்போது கறுப்பு நீராகப் பீறிட்டு வாளிக்குத் திரும்பும். உடனே அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். சல்ஃபைடு உப்பு தண்ணீரில் பட்டதும் வெளிவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது. நாற்றம் வந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். இரண்டாம் வாளியில் நாற்றம் மங்கும், மூன்றாவதில் நீர் தெளிந்தே வரும். உப்பைக் கரைக்கத் தண்ணீரே போதும். சோப்பு எதற்கென்றால், கரையாத கரித் துகளையும் குண்டோடு வந்த மெழுகையும் கொழுப்பையும் பிரித்தெடுக்க.

பென்சில்வேனியா பாணி நீள்குழலில் குழலைக் கட்டையோடு ஆணிகளால் பிணைத்திருப்பார்கள். அதை அடிக்கடி கழற்றினால் மரம் கெடும். அங்கே பற்றுவாயில் ஒரு மரக்குச்சியைச் செருகி அடைத்து, வாய்வழியே தண்ணீர் ஊற்றி, சற்று நேரம் ஊறவைத்துக் கொட்டுகிறார்கள். மரத்துக்குள் நீர் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் கைப்பக்குவம்.

கொதிக்கும் நீரா, வெதுவெதுப்பான நீரா என்பதில் இரு கட்சிகள் உண்டு. கொதிநீர்க் கட்சி சொல்வது: குழல் சூடாகிவிடுவதால் மிச்ச ஈரம் தானே ஆவியாகும். அது சரிதான். ஆனால் வெப்பம் கூடினால் துருவின் வேகமும் கூடும். சூடான, ஈரமான, எண்ணெய்ப் படலமே இல்லாத எஃகில் சில நிமிடங்களுக்குள் ஆரஞ்சு நிறத் துருத்தூள் பூத்துவிடும். உப்பு கரைவதற்குக் கொதிநிலை தேவையே இல்லை. ஆகவே வெதுவெதுப்பான நீரும், அதன்பின் சலிக்காமல் மாற்றி மாற்றிப் போடும் உலர்ந்த துணியும்தான் நல்ல வழி என்பது என் தீர்மானம். கடைசித் துணி காய்ந்து வெளியே வந்த பிறகு, ஈரத்தைத் தள்ளும் மெல்லிய எண்ணெய் ஒரு முறை; அதையும் துடைத்துவிட்டு, நின்று காக்கும் கனமான துருத்தடுப்பு எண்ணெய் ஒரு முறை. மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். பழுப்புக் கறை தெரிந்தால் உப்பு இன்னும் எங்கோ ஒட்டியிருக்கிறது. மீண்டும் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் நெடுநாள் ஊறிய ஒரு நம்பிக்கை, குழலைக் கொழுப்பு தடவித் தடவிப் பழக்க வேண்டும் என்பது. நாம் தோசைக்கல்லைப் பழக்குவதைப் போல அவர்கள் பழக்கும் வார்ப்பிரும்பு வாணலியை உதாரணம் காட்டுவார்கள். தோசைக்கல்லில் நடப்பது வேறு. எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகள் கடும் சூட்டில் நெடுநேரம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, கெட்டியான வலைப்பின்னலாக இறுகுகின்றன. குழலில் சூடு ஒரு கணம்தான். அதற்குள் வெடியின் வாயுவும் துணியும் உட்சுவரைத் துடைத்துக்கொண்டு போய்விடும். அப்படியே ஒரு படலம் இறுகினாலும், அதனடியில் உப்பு சிறைப்படும். பழக்கிய குழல் என்று பெருமையாகச் சொல்லப்படுவது பல நேரம் கழுவப்படாத குழல்தான்.

மசகுக்கு உண்மையான வேலை சுடும்போது இருக்கிறது. கெட்டிக்கும் குண்டு குழலைவிடச் சற்றே சிறியது. இடைவெளியை அடைப்பது அதைச் சுற்றும் பருத்தித் துணி. அரை அங்குலக் குழலுக்கு 0.490 அங்குலக் குண்டு என்பது பரவலான அளவு. துணி உலர்ந்திருந்தால் இரண்டு மூன்று முறை சுட்டதும் கசடு கெட்டிப்பட்டு, அடுத்த குண்டு பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். துணியில் எச்சிலோ கொழுப்போ மெழுகோ இருந்தால் கசடு இளகும். ஒவ்வொரு குண்டும் முந்தைய கசடைத் துடைத்துக்கொண்டே இறங்கும். முன்பு கரடிக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு, தேன்மெழுகு, திமிங்கல எண்ணெய் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தினார்கள். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய் வேதியியல்படி ஒரு திரவ மெழுகு. குளிரிலும் எளிதில் கெட்டியாகாது, நாள்பட்டாலும் பிசினாகாது. திமிங்கலங்கள் அழியும் நிலைக்கு வந்து 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதன் இறக்குமதியைத் தடுத்தபோது, ஏறக்குறைய அதே மூலக்கூறு அமைப்புள்ள ஹோஹோபா செடியின் எண்ணெய் அந்த இடத்துக்கு வந்தது.

எந்தக் கலவை என்பதைத் தட்பவெப்பமே முடிவு செய்கிறது. தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும்; மாட்டுக் கொழுப்பு அதைவிடக் கணிசமாகக் குறைந்த வெப்பத்திலேயே இளகும். கோடைக்கு மெழுகு கூட, பனிக்காலத்துக்கு எண்ணெய் கூட. நம் தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கும் என்பதால் பென்சில்வேனியாவின் ஜனவரியில் அது கல்.

இந்த மசகுதான் 1857ல் இந்தியாவை உலுக்கியது. அப்போது கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குப் புதிதாக வந்த என்ஃபீல்டு துப்பாக்கியும் வாய்வழிக் கெட்டிப்பதே. சுருள்பள்ளம் கொண்ட குழல் என்பதால், கசடைத் தாண்டிக் குண்டை இறக்க மசகு இன்றியமையாதது. எனவே காகிதத் தோட்டாவின் குண்டுப் பக்கத்தைக் கொழுப்பில் தோய்த்தார்கள். தோட்டாவை வாயால் கடித்துப் பிரிப்பது பயிற்சி முறை. அந்தக் கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்ற செய்தி ஜனவரியில் டம்டம்மில் கிளம்பியது. சிப்பாய்கள் தாங்களே மெழுகும் எண்ணெயும் தடவிக்கொள்ளலாம் என்றும், கையால் கிழிக்கலாம் என்றும் அரசு இறங்கி வந்தபோது நம்பிக்கை முறிந்துபோயிருந்தது. மார்ச் 29ல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கி ஏந்தினார். தோட்டாவைத் தொட மறுத்ததற்காக மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் மே 9ல் விலங்கிடப்பட்டார்கள். மறுநாள் மீரட் எழுந்தது. எழுச்சிக்கு நிலமும் வரியும் அவமானமும் என்று ஆழமான காரணங்கள் பல இருந்தன. ஆனால் அந்தக் கொழுப்பு அங்கே ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பதில் கரிமருந்தின் உப்பில் இருக்கிறது.

இதில் கசப்பான உண்மை, மாட்டுக் கொழுப்பு தொழில்நுட்பப்படியும் நல்ல தேர்வு அல்ல. வெப்பத்தில் இளகிக் காகிதத்தில் ஊறிப்போகும். கொழுப்பு அமிலங்கள் ஈயத்தை அரித்து, குண்டின் மேல் ஒரு படிவை உண்டாக்கி அதைப் பருக்கவும் வைக்கும். இந்தியக் களத்தில் குண்டு இறங்காமல் சிக்கிய அனுபவத்துக்குப் பிறகு பிரிட்டிஷார் அதன் விட்டத்தை 0.568 அங்குலத்திலிருந்து 0.55ஆகக் குறைத்தார்கள், மசகையும் தேன்மெழுகுக்கு மாற்றினார்கள். தொடக்கத்திலேயே தேன்மெழுகைத் தேர்ந்திருந்தால் துப்பாக்கியும் நன்றாக வேலை செய்திருக்கும், எவர் நம்பிக்கையும் புண்பட்டிருக்காது.

திரும்பவும் குழலுக்கு வருவோம். காப்புக்காகப் பூசிய எண்ணெயே அடுத்த வேட்டையில் பகையாகலாம். துப்பாக்கியை வாய் மேலாக நிறுத்தி வைத்தால் எண்ணெய் மெல்ல அடிக்கு வடிந்து, மருந்து நிற்கும் இடத்தில் தேங்கும். அதன்மேல் கொட்டிய மருந்து நனைந்து, பொறி விழுந்தும் வெடிக்காது. அதனால் சேமிக்கும்போது வாய் கீழாக வைக்கிறார்கள். கெட்டிக்கும் முன் ஆல்கஹால் தோய்த்த துணியால் எண்ணெயை எடுத்துவிடுகிறார்கள். உறைபனியில் அலைந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால், குளிர்ந்த எஃகின் மேல் அறைக் காற்றின் ஈரம் பனித்துளியாகக் கோத்துக்கொள்ளும். விவரமறிந்தவர்கள் வேட்டை நாட்களில் அதை வெளியே குளிரிலேயே பாதுகாப்பாக வைப்பது இதனால்தான்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று வேட்டைக்கு இடமில்லை, அது சரியே. ஆனாலும் பழைய வீடுகளின் பரணிலும் அருங்காட்சியகங்களிலும் வாய்வழித் துப்பாக்கிகள் கிடக்கின்றன. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் துருவைத் துடைக்க உடனே கை நீட்டாதீர்கள். உலர்ந்த கரிமருந்து நூறாண்டு கடந்தும் வீரியம் இழப்பதில்லை. 2008ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், 1860களின் உள்நாட்டுப் போர்க்காலப் பீரங்கிக் குண்டைத் துப்புரவு செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து இறந்தார். வாய்வழித் துப்பாக்கியில் உள்ளே மருந்து இருக்கிறதா என்பது வெளியே பார்த்தால் தெரியாது. உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளி ஒருவர் கோலை உள்ளே விட்டு, குழலின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, காலி என்று சொல்லட்டும். காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்லுங்கள். கழுவுவதும் எண்ணெய் பூசுவதும் அதற்குப் பிறகு.